மைமூன் அக்காவுக்கு எதையும் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்

மைமூன் அக்கா போய்விட்டார்.

காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது அவர் மகன் சாதிக்கிடமிருந்து போன். "அக்கா... அம்மா மௌத்தாயிட்டாங்க." போனை வைத்துவிட்டான். ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, அக்காவின் ஊருக்கு, லப்பைக்குடிக்காடு பஸ் ஏறிவிட்டேன்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் எங்கள் மெடிக்கலில் மருந்து வாங்கியவர்களுக்கு அக்காவைத் தெரியாமல் இருக்காது. மூக்கு நுனியில் கண்ணாடி, ஓயாத பேச்சு. நான் பார்மசிஸ்ட், அவர் கவுண்டர். வருஷக்கணக்காகப் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருக்கிறோம்... அதில் பாதி நேரம் சண்டை.

சண்டை எல்லாம் ஒரே விஷயத்துக்குத்தான். நாள் முழுக்க மாத்திரை விற்கிற மனுஷி, தனக்கென்று ஒரு மாத்திரை போட மாட்டார்.

மற்றவர்களுக்கும் லேசில் கொடுக்க மாட்டார். ஒருமுறை வேப்பந்தட்டைக்காரர் ஒருவர் வந்து, "மேலெல்லாம் வலி, ஸ்ட்ராங்கா ஒரு செட் மாத்திரை குடுங்க" என்றார். அக்கா நகரவே இல்லை.

"நேத்து என்னங்க வேல பாத்தீங்க?"

"மக்காச்சோள மூட்ட ஏத்துனேன்."

"அப்ப வலிக்காம என்ன செய்யும்? சுடுதண்ணி ஊத்திக்கிட்டுப் படுங்க. நாளைக்கும் வலிச்சா வாங்க."

உள்ளே ஓனர் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது.

அதே அக்காதான், ஒரு நாள் காய்ச்சல் மருந்து கேட்டு வந்த பெண்ணின் தோளில் குழந்தைக்கு வலிப்பு வருவதைப் பார்த்ததும், செருப்புகூடப் போடாமல் வெளியே பாய்ந்து, ஆட்டோவை மறித்து, தானும் ஏறி ஜிஎச்சுக்குப் போனார். மருந்தே ஆகாது என்கிற ரகம் இல்லை அவர். தன் உடம்பு என்று வரும்போதுதான் அந்தப் பிடிவாதம்.

கடை மெஷினில் ஒரு தடவை அவருக்குப் பிரஷர் பார்த்தேன். மேல் நம்பர் இருநூறைத் தாண்டியிருந்தது.

"மாத்திர போடுங்கக்கா."

"ஒன்னு போட்டா, அது பண்ற கோளாறுக்கு இன்னொன்னு. அப்பறம் வயித்துக்கு ஒன்னு. நான்தான தெனமும் கட்டித் தரேன், எனக்குத் தெரியாதா? என் ஒடம்ப நான் பாத்துக்குறேன், நீ வேலையப் பாரு."

அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அந்த மாத்திரை அவர் கைக்கெட்டும் ஷெல்பில்தான் இருந்தது...

போன வருஷம் கால் வீங்கி, முகம் வீங்கி, நான்தான் திருச்சிக்குக் கூட்டிப்போனேன். பிரஷரால் ரெண்டு கிட்னியும் போய்விட்டது, டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்றார்கள்.

"செஞ்சா சரியாயிருமாங்க சார்?" என்று அக்கா கேட்டார்.

"சரியாகாதும்மா. ஆனா உயிரோட இருக்கலாம். வாரத்துக்கு மூணு தடவ வரணும்."

அக்கா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்புறம் சொன்னார்: "வேணாங்க சார். நான் வூட்லயே இருந்துக்குறேன்."

துபாயிலிருந்து சாதிக் ஓடி வந்தான். அழுது பார்த்தான், கத்திப் பார்த்தான். டயாலிசிஸ் வேண்டாம், எழுதிக் கொடுத்த மாத்திரையையாவது போடுங்கள் என்று கெஞ்சினான். ம்ஹூம்.

அது நோன்பு மாசம். அக்காவால் நோன்பு பிடிக்க முடியவில்லை, ஆனால் பள்ளிவாசல் கஞ்சியை மட்டும் விட மாட்டார். ஒரு நாள் சாயங்காலம் நான் பார்க்கப் போயிருந்தபோது, சாதிக் டம்ளரில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே மாத்திரையை நசுக்கிக் கலந்திருக்கிறான்... எனக்கும் தெரியாது.

யாருக்கு வேண்டுமானாலும் அப்படி மறைத்துக் கொடுக்கலாம். மெடிக்கலில் நின்ற பொம்பளைக்கா?

ஒரு வாய்தான் குடித்தார். டம்ளரை வெளிச்சத்துப் பக்கம் சாய்த்து, மிதந்த ரோஸ் கலர் துணுக்கை விரலால் எடுத்தார்.

"இத நசுக்கக் கூடாதுடா. முழுசா முழுங்கணும். எத்தன பேருக்கு சொல்லி அனுப்பிருக்கேன்..."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதிக் உடைந்து அழுதுவிட்டான். அக்கா அவன் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் வேணாம்னு சொன்னா கோவிச்சுக்கடா தங்கம். கத்து. ஆனா என்னய ஏமாத்திக் குடுக்காத. எதுன்னாலும் கேட்டுட்டுக் குடு."

அன்றிலிருந்து கேட்டான். லீவை நீட்டி நீட்டி இங்கேயே இருந்துகொண்டு, தினமும் கேட்டான். "அம்மா, இதப் போட்டுக்கிறீங்களா?" பெரும்பாலும் வேண்டாம் என்பார். கிட்னியால் வந்த அரிப்பு தாங்க முடியாத நாளில் மட்டும், "அத மட்டும் குடு" என்பார். அன்றைக்கு எனக்கு வாட்ஸ்அப் வரும்: "அக்கா, இன்னைக்கு ஒன்னு போட்டாங்க!"

இன்று வீடு நிறைய ஆட்கள். அக்கா முகம் வீங்கித்தான் இருந்தது. ஆனால் தூங்குகிற மாதிரி இருந்தார்.

அரியலூரிலிருந்து வந்த அக்காவின் தம்பி, வாசலில் எல்லோர் முன்னாலும் சாதிக்கின் தோளைப் பிடித்து உலுக்கினார். "கூட இருந்துகிட்டே உட்டுட்டியேடா! மூச்சு இழுக்கறப்பவாவது தூக்கிட்டுப் போவக் கூடாதா?"

சாதிக் தலை நிமிரவில்லை.

"ஆம்புலன்ஸ் வந்துச்சு மாமா. நான்தான் கூப்புட்டேன். இந்தா, இங்கதான் நின்னுச்சு. போவமாம்மான்னு கேட்டேன். அவங்களுக்குப் பேச்சு வரல. திரும்பத் திரும்பக் கேட்டேன்..."

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நேத்து கேட்டப்ப வேணாம்னாங்க. அதான் அவங்க பதில்னு வண்டியத் திருப்பி அனுப்பிட்டேன் மாமா."

மாமா கையை எடுத்துவிட்டார். நான் போய் சாதிக் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அதைத் தவிர எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சாயங்கால அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம் முடிந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் இதை எழுதுகிறேன்.

மைமூன் அக்கா... உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். உங்கள் பிள்ளை மேல் துளியும் இல்லை.

நிம்மதியாத் தூங்குங்க.