பூட்டிய மாலில் பெண் பார்த்தது

எங்கள் ஊரில் பெண் பார்க்கக் கோயிலுக்குத்தான் வருவார்கள். இரண்டு வீட்டாரும் தற்செயலாகச் சந்தித்ததுபோல் நடிப்பார்கள். பிடிக்காவிட்டால் ஒருவருக்கும் வெட்கக்கேடு இல்லை. சாமி கும்பிட வந்தோம், போனோம், அவ்வளவுதான். எண்பதுகளின் நடுவில் ஆக்லாந்தில் அப்படிப் போய் நிற்க எங்களுக்கொரு கோயில் இல்லை. கோயிலுக்குப் பதிலாக அண்ணா நியூ லின் பகுதியின் ஷொப்பிங் மாலைத் தெரிந்தெடுத்தார்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அதற்கு முன் மூன்று சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. சேலையை உடுத்துக்கொண்டு முகத்தைச் சிரித்தமாதிரி வைத்திருப்பது எனக்கு அலுத்துவிட்டது. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று இதற்கும் ஓம் என்றேன்.

அண்ணி கலண்டரைப் பார்த்து ராகுகாலமும் எமகண்டமும் கழித்து, சனிக்கிழமை பின்னேரம் மூன்றேகால் என்று நேரம் வைத்தார். அந்தக் காலத்தில் சனி மத்தியானத்தோடு அங்கே கடைகளைப் பூட்டிவிடுவார்கள். எனக்கு அது வடிவாகத் தெரியும், அங்கே ஒரு சப்பாத்துக் கடையில்தான் எனக்கு வேலை. தொழிற்சாலையில் கிழமை முழுக்க மாய்ந்துவிட்டுச் சனியெல்லாம் நித்திரை கொள்ளும் அண்ணாவுக்குத் தெரியாது. என்னிடம் ஒருவரும் கேட்கவுமில்லை. பூட்டியிருந்தால் எல்லாரும் வந்த வழியே திரும்புவார்கள், ஒரு சனியாவது தப்புவேன் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன்.

ஆனால் மாப்பிள்ளை வீட்டார் திரும்பவில்லை. அவ்வளவு பெரிய கார் தரிப்பிடத்தில் எங்களுடைய காரும் அவர்களுடைய காரும்தான் நின்றன. பூட்டிய கதவுக்கு முன்னால், குளிர்காற்றில், பட்டுச் சேலையோடு யார் தற்செயலாக நிற்பார்கள்? மாப்பிள்ளையின் தாய் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். மாப்பிள்ளை விளக்குக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, படத்தில வயசு தெரியேல்லை," என்று அந்த அம்மா அண்ணாவிடம் சொன்னார். "குறை நினையாதையுங்கோ. எங்களுக்குச் சரிவராது."

"ஓம் அம்மா, பரவாயில்லை. இவ்வளவு தூரம் வந்திட்டியள், வீட்டை வந்து ஒரு தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்கோ," என்றார் அண்ணா.

அவர்கள் போய்விட்டார்கள்.

சனங்களுக்கு நடுவில் என்றால் அந்த அம்மாவும் சிரித்துவிட்டுப் போய், ஒரு கிழமை கழித்து யாரிடமாவது சொல்லி அனுப்பியிருப்பார். இன்று அதே இடத்தில் ரயில் நிலையத்தைச் சுற்றி உட்கார வாங்குகள், சாப்பாட்டுக் கடைகள், மாடி வீடுகள். ஞாயிறு பின்னேரமும் சனம் உலாவுகிறது. பார்த்தும் பாராததுபோல் ஒருவரையொருவர் கடந்து போகலாம். எனக்கு ஊர் என்றால் அதுதான். அன்று அங்கே கார் நிற்பாட்ட மட்டும்தான் இடம் இருந்தது.

காரில் ஏறியதும் அண்ணா சொன்னார், "என்ர பிழை, தங்கச்சி. கடை திறந்திருக்குமோ எண்டு ஒரு போன் அடிச்சுக் கேட்டிருக்கலாம்."

அதற்குப் பிறகு அவர் எனக்குச் சம்பந்தம் பேசவில்லை. பேசினால் கெட்டுவிடும் என்று பயந்தார். நானும் தனியாகவே இருந்துவிட்டேன். அதில் எனக்குப் பெரிய துக்கம் இல்லை. அவருக்குத்தான் இருந்தது. போன வருடம் ஆஸ்பத்திரியில், கதைக்கவே கஷ்டப்பட்ட நிலையில், என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ர வாழ்க்கையை நான்தான் கெடுத்திட்டன்," என்றார்.

"அதை விடுங்கோ அண்ணா," என்று மட்டும் சொன்னேன்.