வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த நோய்

எரிபந்தம் வரக்கூடாது என்று வன்னியில் கண்டாவளைப் பக்கம் நெல் விதைக்கிற கமக்காரர் எல்லாரும் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்துக்கொண்டிருந்த காலத்தில், அது வரவேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான். வெளியே சொன்னால் அடிதான் விழும்.

எரிபந்தம் நெல்லைப் பிடிக்கிற பங்கசு நோய், பூஞ்சணத்தால் வருவது. முதலில் இலையில் கண் மாதிரிப் புள்ளி விழும். கதிர் வந்த பிறகு கழுத்தைப் பிடித்தால் போச்சு. கதிர் வெளுத்து முறிந்து தொங்கும், மணியெல்லாம் உள்ளே அரிசியில்லாத சப்பியாகிவிடும். அந்த நோய்க்கு மசியாத நெல்லை உருவாக்குவதுதான் என் வேலை. ஒரு விதைப் பண்ணையில் உதவியாளனாக இருந்து, ஊர் நெல் ஒன்றையும் கட்டை நெல் ஒன்றையும் கலந்து வழி வழியாகத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறில் சண்டை வந்து பண்ணை மூடிப்போனது. விதைப் பொட்டலங்களை ஒரு மஞ்சள் துணியில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கண்டாவளைக்கு வந்தேன். அங்கே ஒரு குடும்பம் எனக்கு வயலின் காட்டோர மூலையை இரவல் தந்தது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்தில் துரத்தப்பட்டு, வன்னியில் காடு வெட்டிக் கமமாக்கிய குடும்பம். அந்த வீட்டு அக்கா பேசினால் இன்னும் மலைநாட்டுப் பேச்சுத்தான்.

நோயைத் தாங்குகிற நெல் எதுவென்று பார்க்க முதலில் நோய் வேண்டும். அதற்காக, வகைக்கு ஒரு வரிசையாக நான் நட்ட வரிகளைச் சுற்றி நோய் இலேசில் பிடிக்கிற நெல்லை நட்டுவைப்பேன். அதில் பிடித்து மற்றதற்குப் பரவவேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டால் தானாக வரும். ஆனால் வெடிமருந்து செய்துவிடுவார்கள் என்று அப்போது இராணுவம் வன்னிக்குள் யூரியா வர விடாது. வருஷத்துக்கு ஒன்றாக மூன்று போகம் நோய் எட்டிப்பார்க்கவில்லை. ஊர் சந்தோஷப்பட்டது, எனக்கு வயிறு எரிந்தது. நாலாம் வருஷம் பொறுக்கமுடியாமல் ஆட்டெருவைக் குவித்துப் போட்டு, வேறிடத்தில் நோய் பிடித்த வைக்கோலையும் தேடிக் கொண்டுவந்து பரப்பினேன்.

அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். "ஊரே நோய வெரட்டுது, நீங்க வெத்தில பாக்கு வச்சு அழைக்கிறீங்களே தம்பி!"

"ஓம் அக்கா, வந்தால்தான் எனக்குச் சோலி முடியும்" என்றேன். அதற்குமேல் விளக்கவில்லை. விளக்குவதென்றால் எனக்கு எப்போதும் பஞ்சி, வாய் திறக்கவே சோம்பல். பிறகு நான் பட்ட பாட்டுக்கு அந்தப் பஞ்சிதான் காரணம்.

மார்கழிப் பனியில் நோய் வந்தது. வந்தது என்றால் அப்படி ஒரு வரத்து. நாற்பது வரி நட்டிருந்தேன். தை பிறந்தபோது முப்பத்தொன்பதும் கழுத்து முறிந்து வெளுத்துக் கிடந்தன. ஒரே ஒரு வரி மட்டும் ஒன்றுமே நடவாதது போலப் பழுத்து நின்றது. வரம்பில் குந்தியிருந்து சிரித்தேன். அதன் விதையில் ஒரு மணிகூட மிச்சம் வைத்திருக்கவில்லை. பொட்டலத்தில் வண்டு விழுந்துவிட்டதால் இருந்த எல்லாவற்றையும் நட்டிருந்தேன். தடி ஊன்றி அடையாளம் வைத்தால் மாடு இடித்துச் சாய்த்துவிடும் என்று, அந்த மஞ்சள் துணியையே கிழித்து வரியின் இரண்டு தலைப்பிலும் பயிரோடு சேர்த்துக் கட்டினேன். அடுத்த நாளே மலேரியாக் காய்ச்சல் என்னைப் பாயில் போட்டது.

எழும்பி நடமாடத் தைப்பூசம் ஆகிவிட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். வெளுத்த கதிர்கள் எல்லாம் அப்படியே நின்றன. நடுவில் என் வரி மட்டும் இல்லை. அரிவாளால் நேர்த்தியாக வெட்டிய ஒட்டுக்கட்டைதான் நின்றது.

வீட்டு முற்றத்துக்குப் போய்க் கத்தினேன். "ஆரக்கா என்ரை நெல்லை வெட்டினது?"

அக்கா குசினியிலிருந்து ஈரக் கையோடு வந்தார். முகத்தில் குற்றமே இல்லை. "நான்தான் வெட்டினேன். இன்னைக்குப் புதிரெடுக்கிற நாளாச்சே. நீங்கதானே சாமிக்கின்னு மஞ்சத்துணி முடிஞ்சு விட்டிருந்தீங்க?"

புதிரெடுப்பது என்றால் தைப்பூசத்தில் புதுக்கதிர் வெட்டிச் சாமிக்குப் படைப்பது, இந்தப் பக்கத்து வழக்கம். அக்கா வன்னிக்கு வந்த பிறகு பழகிக்கொண்டது. மஞ்சள் துணி கட்டினால் அது நேர்த்திப் பொருள், அதைச் சாமிக்கல்லாமல் வேறெதற்கும் எடுக்கக்கூடாது. நோய் வேண்டுமென்று எருப் போட்ட ஒரு கிறுக்கன், தப்பி நின்ற ஒரே வரியைச் சாமிக்கு நேர்ந்துவிட்டான் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"முழுக்கக் குத்தியாச்சோ?" என்று கேட்டேன்.

"ஏன் தம்பி முழுசும் குத்துறேன்? ஒரு கைப்பிடி குத்தித் தனியா பால்ல அவிச்சேன். மத்த பொங்கல் பழைய அரிசி. மிச்சக் கதிரு சாமி படத்துக்கு மேல தொங்குது, பாருங்க."

செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே ஓடினேன். கத்தையாகத் தொங்கியது. எட்டி ஒரு மணியை உருவிப் பல்லில் கடித்தேன். கல் மாதிரி இறுகியிருந்தது, முளைக்கும். அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது என்று சொல்வார்களே, அது சும்மா பேச்சில்லை.

ஒருவழியாக விஷயத்தைச் சொன்னேன், நாலு வருஷம் பிந்தி. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமிக்கு வைத்ததை எடுக்கலாமா என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு தானே நாற்காலியில் ஏறிக் கத்தையை அவிழ்த்தார். ஒரு கதிரை மட்டும் படத்தில் செருகிவிட்டு, மற்றதை என் மடியில் போட்டார்.

"வெதைக்கத்தானே கேக்குறீங்க. சாமி கோவிச்சுக்காது."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இவ்வளவு காலமும் இந்த நெல் நோய்க்கு நிற்குமோ என்று பார்த்தேனே தவிர, வாயில் வைக்க ஏலுமோ என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. ருசியில்லாத நெல்லை எந்தக் கமக்காரன் விதைப்பான்?

"அக்கா, அந்தப் பாலில் அவிச்சதில் கொஞ்சம் தாங்கோ, பார்ப்பம்."

அக்கா சட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்துக் காட்டினார். "எங்க தம்பி இருக்கு? புள்ளைங்க மூணும் வழிச்சுத் தின்னுட்டு, இன்னும் வேணும்னு அழுதுச்சுங்க."