ஒயர் தானாகக் கழலவில்லை

என் மச்சினி, அதாவது என் வீட்டுக்காரியின் தங்கை, எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாள். முன்னால் இரண்டு இரும்புக் கொம்பை நீட்டிக்கொண்டு பெட்டி தூக்குமே, அந்த வண்டி. எவ்வளவு குறுகலான சந்தானாலும் அடுக்கில் ஒரு கீறல் விழாமல் விட்டு எடுப்பாள். நான் அங்கே மூட்டை தூக்குகிறவன். யாரையும் லேசில் புகழ எனக்கு வராது. இவளைப் பற்றி எழுத உட்கார்ந்தது அவள் வண்டி ஓட்டிய திறமைக்காக இல்லை, வண்டியை விட்டு இறங்கியதற்காக.

அந்த வண்டி பின்னால் வரும்போது பீப் பீப் என்று கத்தும். நாள் முழுக்கக் கேட்டால் மண்டை பிளந்துவிடும். ஒருநாள் தலைவலி தாங்காமல் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். அன்றைக்கே பின்னால் எடுத்தபோது, கூட்டிக்கொண்டிருந்த துப்புரவுக்காரர் மேல் மோதி அவர் கால் முறிந்தது. அவரை ஆம்புலன்ஸில் ஏற்றும் களேபரத்தில் இவள் ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டாள். சோதிக்க வந்தவர்கள் ஓட்டிப் பார்த்தார்கள். நன்றாகக் கத்தியது. அப்புறமென்ன, பழி துப்புரவுக்காரர் தலையில் விழுந்தது. கவனமில்லாமல் நின்றார் என்று சொல்லி அவரை வேலையை விட்டு நிறுத்துவதாகப் பேச்சு.

அந்த ஞாயிறு சர்ச்சில் திருவிருந்து, அப்பமும் ரசமும் வாங்குகிற நாள். மனசில் குற்றத்தை வைத்துக்கொண்டு வாங்கக் கூடாது என்பார்கள். எல்லோரும் எழுந்து முன்னால் போனோம். இவள் பெஞ்சிலேயே இருந்தாள்.

“ஏண்டி, காலு மரத்துப் போச்சா?” என்று கேட்டாள் என் வீட்டுக்காரி.

வீட்டுக்கு வந்ததும் எங்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

“ஆண்டவர்கிட்ட அழுதுட்டேல்ல? மன்னிச்சிருப்பாரு, விடு,” என்றேன்.

“அவரு மன்னிப்பாரு மாமா. ஆனா கால் ஒடஞ்சது அவருக்கு இல்லையே. வேலை போறதும் அவருக்கு இல்ல.”

மறுநாள் மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். துணைக்கு நானும் போனேன். நல்ல டிரைவரை இழக்க அவருக்கு மனசில்லை.

“ஒயர் தானா கழண்டிருக்கும்மா. மெக்கானிக் சரியா மாட்டலன்னு வச்சுக்கலாம். துப்புரவுக்காரருக்கும் வேலை போகாது, உனக்கும் போகாது.”

“தானா கழண்டுக்கல சார். நான்தான் கழட்டினேன். அப்புறம் நான்தான் மாட்டினேன்.”

“தலைவலின்னாவது சொல்லித் தொலைம்மா!”

“தலைவலி இருந்துச்சு சார். கழட்டினது தலைவலி இல்ல, நான்.”

விலக்கின பழத்தைத் தின்றுவிட்டு ஆதாம் ஏவாளைக் கைகாட்டினான், ஏவாள் பாம்பைக் கைகாட்டினாள். பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் சிரித்துவிட்டு வருகிறவன் நான். கையைத் தன் நெஞ்சிலேயே வைத்த ஒருத்தியை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

வண்டி அவள் கையை விட்டுப் போனது. பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலையில் போட்டார்கள். துப்புரவுக்காரர் வேலை தப்பியது. அவர் வீட்டுக்கும் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த திருவிருந்தில் இவள் எழுந்து முன்னால் போனாள்.

“அவருதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரே?” என்று கேட்டேன்.

“அது அவரு இஷ்டம் மாமா. நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்.”

கால் கூடி, துப்புரவுக்காரர் நொண்டிக்கொண்டே வேலைக்கு வந்த அன்று, இவள் ஒரு பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்தாள். அவர் துடைப்பத்தோடு நின்று முறைத்தார்.

“ஏம்மா, பின்னால வர்றியே, சத்தத்தக் காணோம்?”

இவள் முகம் வெளுத்துவிட்டது. பிறகு, “பீப்... பீப்...” என்றாள், வாயாலேயே.

“ம்ம். இன்னும் கொஞ்சம் சத்தமா,” என்று சொல்லி வழிவிட்டு ஒதுங்கினார் மனுஷன்.