பாலாமை விட்ட கிணறு

பாலாமைக்கு இரண்டு வீடு. மாரியில் தண்ணீர், கோடையில் சேறு. குளம் வற்றும்போது அது சேற்றுக்குள் இறங்கிவிடும். மேலே மண் காய்ந்து வெடிக்க, உள்ளே ஒன்றும் தின்னாமல் மாதக்கணக்கில் கிடக்கும். அப்படிக் கிடந்த ஒன்றைத்தான் சித்தப்பா ஓர் ஆவணி மாதம் மண்வெட்டியால் கிளறி எடுத்து, உரப்பைக்குள் போட்டு, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்தில் நல்ல கிணறுகளுக்கெல்லாம் ஆமை விடுவார்களாம். புழு பூச்சியைத் தின்று தண்ணீரைக் கண்ணாடியாக்கி வைத்திருக்குமாம். அங்கிருந்து முரசுமோட்டைக்குக் குடியேறி வந்த எங்கள் வீட்டில், யாழ்ப்பாணத்தில் அப்படி என்றால் பிறகு மறுபேச்சு இல்லை.

எனக்கு ஏழு வயது. ஆமை எனக்கென்றே வந்ததாக எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டுத் தட்டளவு ஓடு, பால் நிற வயிறு. தொட்டால் கால்களை உள்ளே இழுத்து, பின்பக்கத்துத் தோல் மடிப்புகளைக் கதவுபோலச் சாத்திக்கொள்ளும். மூச்சு வாங்க வரும்போது மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். நான் சோறு போடுவேன். அது வரும், தின்னும், போகும். அதற்கு என்னைத் தெரியும் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

கார்த்திகை மழையில் கிணறு நிரம்பி, கை எட்டும் உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. ஆமை சோற்றை மறந்தது. விடிந்தால் கிணற்றுக் கட்டில் நகம் பிறாண்டும் சத்தம். ஏறும், வழுக்கும், விழும், சுற்றி வந்து மறுபடி ஏறும். விளையாடுகிறது என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிக் கைதட்டினேன்.

எங்கள் வயலில் களை பிடுங்க வந்த அக்கா மட்டும் கைதட்டவில்லை. தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, வாய்க்காலுக்கு அப்பால் கொட்டில் போட்டிருந்த குடும்பம் அவருடையது. எங்களைப்போலச் சம்மதம் சொல்ல அவருக்கு ‘ஓம்’ வராது, ‘ஆமா’தான் வரும். எங்கள் வீட்டில் அது தீராத பகிடி.

“அண்ணே, அது வெளையாடல. சினையா இருக்கு. முட்ட வைக்க கரை தேடுது.”

“உனக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும்? உன்னோட கதைச்சதோ?” என்றார் சித்தப்பா.

“ஆமா.”

“ஓமோம், ஆமையோடதானே ஆமை கதைக்கும்!”

குசினி வாசலில் அகப்பையோடு நின்ற அம்மாவும் சிரித்தார். அக்காவும் கொஞ்சம் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

“கட்டுக் கெணத்துல கரையேதுண்ணே? தண்ணியில வச்சா முட்ட அழுகிப் போயிரும். கொளத்தங்கரையில விட்டுருவோமா?”

“விடக்கூடாது! அது என்ர ஆமை!” என்று நான் கத்தினேன். நான் கத்தினால் சித்தப்பா தாங்கமாட்டார். கதை அதோடு முடிந்தது.

இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து கால் கழுவ வந்த அக்கா கிணற்றுக்குள் குனிந்ததை யன்னலால் கண்டேன். இரண்டு கையாலும் எதையோ தூக்கிப் பனையோலைக் கடகத்துக்குள் வைத்து, மேலே புல்லைப் போட்டார். நான் ஓடிப்போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். படலையடியில் மறித்துவிட்டோம்.

“கடகத்துக்குள்ள என்ன பிள்ளை?”

“மாட்டுக்குப் புல்லுண்ணே.”

புல் அசைந்தது.

“ஆமை! கறிக்குக் கொண்டுபோறா!” என்றேன்.

“கறிக்கோ?”

அக்கா என்னைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார்.

“ஆமா,” என்றார். “புள்ளைங்க ஆசப்படுதுங்க.”

சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கேட்டியளோ, ஆமா எண்டு சொல்லியே ஆமையைக் கொண்டுபோறா!” அவரே படலையைத் திறந்துவிட்டார். “சரி, பிள்ளையளுக்குக் காய்ச்சிக் குடு.” என்னிடம், வேறு பிடித்துத் தருவதாகச் சொன்னார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அக்கா ஆமை தின்னி என்று அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் சொன்னேன்.

பள்ளிக்கூடம் போகும் வழியில், குளத்தங்கரையின் மேட்டுப் பக்கம், ஒரு பாய் அளவு நிலத்தைச் சுற்றி அக்கா முள் அடைத்திருந்ததைப் பிறகுதான் கண்டேன். கோபத்தை விட்டுக் கேட்டேன்.

“என்ன நட்டிருக்கிறீங்கள்?”

“கீரை, பாப்பா. மிதிச்சிராத.”

நாளாந்தம் எட்டிப் பார்த்தேன். மாரி முடிந்தது, அறுவடை முடிந்தது, குளம் பின்வாங்கியது. பழைய முள் உக்க, அவர் புது முள் வைத்தார். நாயைக் கண்டால் கல்லெடுத்தார். தண்ணீர் ஊற்றி மட்டும் நான் காணவில்லை. ஒரு இலைகூட எட்டிப் பார்க்கவில்லை.

“அந்த அக்காவுக்குக் கீரை வைக்கவே தெரியாது,” என்று வீட்டில் சொன்னேன். அம்மா பாவம் பார்த்து, ஒரு பிடி கீரை விதையைக் கடதாசியில் சுற்றித் தந்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா சிரிக்காமல் வாங்கி மடியில் முடிந்துகொண்டார்.

“அம்மாகிட்ட சொல்லு பாப்பா, அடுத்த மழைக்கு எல்லாம் வெளிய வந்துரும்.”

கீரைக்கு ஏன் அவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. அவர் போட்ட விதை பழசாக்கும் என்று நினைத்துக்கொண்டு, பள்ளிக்கூட மணி அடிக்க முதல் ஓடிவிட்டேன்.