பின்கட்டுப் பழி

பெரிய காஞ்சிபுரத்தில் பழி வாங்க நினைக்காதவர்கள் யாரும் இல்லை. ஆனால் பெரும்பாலோர் அவசரப்பட்டு, பந்தியிலோ பங்காளி வீட்டு வாசலிலோ நாலு வார்த்தை கத்தித் தீர்த்து, நல்ல பழியை வீணாக்கிவிடுகிறார்கள். தையல்நாயகி அப்படிப்பட்டவர் அல்ல. குழுவில் சேர்ந்து, தீர்மானம் கொண்டுவந்து, முறைப்படி நிறைவேற்றிப் பழி வாங்கியவர். அவருடைய வாழ்க்கையை எழுதிவைப்பது சமூகத்துக்குச் செய்யும் தொண்டு.

அவர் நெசவுக்காரர். கணவர் சபாபதியோடு ஒரே தறியில் உட்கார்ந்து, வேறு நிறக் கரையை உடலோடு கோத்து நெய்யும் கோர்வைப் புடவை நெய்தவர். தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் தறி அது. ஆயுளில் பாதியை அந்தக் குழியில் கழித்த பிறகு முழங்கால்கள் இரண்டும் பேசிவைத்துக்கொண்டு ஓய்வு கேட்டன.

“இனிமே குந்தக் கூடாதும்மா. வீட்ல வெஸ்டர்ன் டாய்லெட் வெச்சிக்கோ” என்றார் டாக்டர்.

சாதாரண யோசனைதான். குறுக்கே நின்றது மரபுக் கட்டடப் பாதுகாப்புப் பள்ளி.

பழைய கட்டடங்களைச் சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், தேக்கு என்று பழைய முறையிலேயே பழுதுபார்க்கக் கற்றுத்தரும் பள்ளி அது. அதை ஒரு வழிகாட்டுக் குழு நடத்தியது. உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது, சால்வை மட்டும் உண்டு. சம்பளம் இல்லாததால் யாரையும் வேலையிலிருந்து நீக்கவும் முடியாது. தலைவர் பூவராகவன், பட்டுக்கடை முதலாளி. நகரில் எந்தப் பழைய சுவரைக் கண்டாலும் மெல்லத் தட்டிக் கண்ணை மூடுவார்.

ஒரு மழைக்காலத்தில் சபாபதி வீட்டுக் கூரை ஒழுகி, தறியில் பூட்டியிருந்த பாவு நூல் முழுக்க நனைந்தது. அப்போது பூவராகவன் வந்து, பள்ளி மாணவர்களே இலவசமாக ஓடு மாற்றித் தருவார்கள் என்றார். பதிலுக்கு அந்த வீடு பள்ளியின் ‘மாதிரி வீடு’ ஆகும், குழுவைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது. சபாபதி சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். கூரை நன்றாகவே அமைந்தது. பிறகு மாணவர்கள் ‘பிற்சேர்க்கை’ என்று பெயர் சொல்லி, சிமெண்டில் போட்டிருந்த துவைக்கும் கல்லையும் தண்ணீர்த் தொட்டியையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பின்னால் சேர்த்தது எதுவுமே இருக்கக் கூடாது என்பது பூவராகவனின் சித்தாந்தம்.

டாய்லெட்டுக்கு அனுமதி கேட்டபோது அவரே நேரில் வந்தார். கூடவே சென்னையிலிருந்து வந்த விருந்தாளிகள் கூட்டம்.

“இந்த வீட்டுக்கு உயிரே பின்கட்டுதாம்மா” என்றார் சுவரைத் தட்டியபடி.

“உயிரு இருக்கட்டுங்கய்யா. எனக்கு முட்டி போயிட்டுதே.”

“நம்ம முன்னோருங்க குந்தித்தானே போனாங்க? என்ன கெட்டுப்போச்சு? இதுவே என் வீடா இருந்தா ஒரு செங்கல்ல தொட விடமாட்டேன்.”

விருந்தாளிகள் கைதட்டினார்கள். தையல்நாயகி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குழுவின் இன்னொரு உறுப்பினர் லியாகத் அலி, ஜரிகை வியாபாரி. சபாபதிக்கு நெடுநாள் பழக்கம். ஜரிகை கொடுக்க வந்தவர் இதைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

“அவரு வீடும் தாத்தா காலத்து வீடுதான். மாடியில போய்ப் பாரு தங்கச்சி. சலவைக்கல்லுல பாத்ரூம். உக்கார்ற எடம் கரண்டுல சூடாவுது. விருந்துக்குப் போனப்ப நான் உக்காந்துட்டுப் பயந்து எழுந்துட்டேன்.”

“சூடாவுதா பாய்?”

“இட்லிப் பானை மாதிரி.”

காஞ்சிபுரத்து வெயிலில் உட்காரும் இடத்தையும் சூடாக்கிக்கொள்கிற மனிதனை எப்படி மன்னிப்பது? தையல்நாயகி கணவரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: “இந்தா, கேட்டுக்க. அந்தாளைப் பின்கட்டுல குந்த வெக்காம வுடமாட்டேன்.”

“பெரிய மனுஷன் தையலு” என்றார் சபாபதி.

“பெரிய மனுஷனுக்கும் முட்டி ரெண்டுதான்.”

அந்தச் சமயத்தில்தான் குழுவில் பெண் ஒருவரும் இல்லை என்று யாரோ கேள்வி எழுப்பினார்கள். மாதிரி வீட்டில் வசிப்பவர், வாய் திறக்காதவர் என்று பூவராகவனே தையல்நாயகியைத் தேர்ந்தெடுத்தார். அன்று விருந்தாளிகள் கைதட்டிய பிறகு அவர் வாய் திறக்காததற்குக் காரணம் முழங்கால் வலி.

குழுவில் சேர்ந்ததும் ஒன்றைக் கவனித்தார். குழு உறுப்பினர் அல்லாத பள்ளி முதல்வர் சங்கீதா தீர்மானத்தை வாசிக்கும் நேரமும் காபியும் வடையும் வரும் நேரமும் ஒன்று. வாசித்து முடிந்ததும் தலைவர் சுற்றிப் பார்ப்பார். எல்லோர் வாயிலும் வடை. “ஆட்சேபம் இல்லை, நிறைவேறியது” என்று எழுதப்படும். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து அங்கே நிறைவேறாத தீர்மானமே இல்லை. பேசாமல் இருந்தால் சம்மதம், அதுதான் அந்தக் குழுவின் சட்டம்.

இன்னொன்றும் காதில் விழுந்தது. பூவராகவன் வெள்ளிக்கிழமைகளில் பொழுது சாயும்வரை மௌன விரதம் இருப்பார். மற்றவர்களைப் போலச் சிலேட்டில் எழுதிக் காட்டுவதுகூடக் கிடையாது. எழுதுவதும் பேச்சுதான், தலையாட்டுவதும் பேச்சுதான் என்பது அவர் கொள்கை. விரதத்தை ஒரு முறைகூட முறித்ததில்லை என்பதை வாரத்தின் மற்ற ஆறு நாளும் சொல்லிக்கொண்டிருப்பார்.

அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது தையல்நாயகி முதன்முறையாக வாய் திறந்தார். “நல்ல காரியம், வெள்ளிக்கிழமை வெச்சிக்கலாமே.”

காஞ்சிபுரத்தில் வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று எவர் சொல்வார்? பூவராகவனுக்கும் தடை தோன்றவில்லை. பேசியபடி தலைமை தாங்குவதைவிடப் பேசாமல் தலைமை தாங்குவது இன்னும் கம்பீரம் என்று பட்டிருக்க வேண்டும். வெள்ளியன்று சந்தனம் பூசி, கண்ணைப் பாதி மூடி, நடு நாற்காலியில் வீற்றிருந்தார்.

வடை வந்தது. தையல்நாயகி எழுந்து நின்றார்.

“ஐயா எங்க வூட்டுக்கு வந்தப்ப, தன் வூடா இருந்தா ஒரு செங்கல்ல தொட வுடமாட்டேன்னு சொன்னாரு. எவ்ளோ பெரிய மனசு. அதனால ஐயா வூட்டையே பள்ளிக்கூடத்தோட அடுத்த மாதிரி வூடா எடுத்துக்கினு, பிற்சேர்க்கை அத்தனையும் நீக்கணும்னு தீர்மானம்.”

பூவராகவனின் கண்கள் முழுதாகத் திறந்தன. முகம் சிவந்தது. இரண்டு கைகளும் தாமாகவே மேலே எழும்பின.

“பாருங்க, ஆசீர்வாதம் பண்றாரு” என்றார் லியாகத் அலி.

கைகள் இறங்கின. ஒரு சொல் போதும். வேண்டாம் என்று ஒரே ஒரு சொல். ஒருபுறம் வீடு, மறுபுறம் முறியாத விரதம். மனிதர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு விரதத்தின் பக்கம் நின்றார். இதில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆட்சேபம் இல்லை, நிறைவேறியது.

பொழுது சாய்வதற்குள் லியாகத் அலியின் ஏற்பாட்டில் கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது: ‘தம் இல்லத்தையே மரபுக்கு அர்ப்பணித்த வள்ளலே’. விரதம் முடிந்து பேச்சு திரும்பியபோது ஊரே அவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. அதன் பிறகு எதைச் சொல்ல?

மாணவர்கள் வந்தார்கள். மாடி பாத்ரூமை மட்டும் விட்டுவிடலாமே என்று பூவராகவன் சங்கீதாவைத் தனியே அழைத்துக் கேட்டார். சங்கீதா அவரை உண்மையாகவே மதித்த பெண்.

“சார், பிற்சேர்க்கையை விட்டுட்டா பசங்களுக்குத் தப்பான பாடமாயிடும்னு நீங்கதானே கிளாஸ்ல சொன்னீங்க?” என்றார் கண் கலங்க.

சலவைக்கல் இறங்கியது. சூடாகும் இருக்கை சாக்கில் சுற்றப்பட்டுக் கடைக் கிடங்குக்குப் போனது. மறுநாள் காலை பூவராகவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சமையலறையைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, பின்கட்டின் கோடியில் இருந்த பழைய கக்கூஸுக்கு நடந்தார். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்றாம். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாராம், இந்தத் தடவை தட்டவில்லையாம். செய்தி லியாகத் அலி வழியாக வந்து சேர்ந்தபோது தையல்நாயகி நெய்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை. ஆனால் அன்றைக்கு நெய்த கரை மிகவும் நன்றாக வந்தது என்று சபாபதி இன்றும் சொல்கிறார்.

அடுத்த கூட்டத்தில் பூவராகவன் தாமே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். முதியோர் நலன் கருதி மாதிரி வீடுகளில் வெஸ்டர்ன் டாய்லெட் அனுமதிக்கப்படலாம். மனிதாபிமானம் என்ற சொல் அதில் பல இடங்களில் வந்தது.

“ரொம்ப நல்லதுங்கய்யா” என்றார் தையல்நாயகி. “மொதல்ல கேட்டவங்களுக்கு மொதல்ல. அப்பறம் வர்ற ஒவ்வொரு வூட்டையும் ஒரு துணைக்குழு போய்ப் பாத்து அறிக்கை குடுக்கட்டும். அந்த வேலைய நானே பாத்துக்கறேன்.”

அவசரத்தில் இருந்த பூவராகவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

முதலில் கேட்டவர் தையல்நாயகிதான். மாணவர்கள் சுண்ணாம்புப் பூச்சு பூசி, ஓடு வேய்ந்து, பின்கட்டில் டாய்லெட் கட்டிக் கொடுத்தார்கள். பிடித்து எழ ஒரு தேக்குக் கைப்பிடியும் வைத்தார்கள். முதல் நாள் உள்ளே போன தையல்நாயகி சீக்கிரத்தில் வெளியே வரவில்லை.

“தையலு, நல்லாக்கீறியா?” என்று சபாபதி கதவைத் தட்டினார்.

“உக்காந்துக்கினு இருக்கிறேன்யா. போய் வேலையப் பாரு.”

பிறகு துணைக்குழு ஆட்டோவில் ஏறிப் பூவராகவன் வீட்டை ஆய்வு செய்யப் போனது. துணைக்குழு என்றால் தையல்நாயகி ஒருவர்தான். சுவர்களைத் தட்டினார். வெயில் விழும் இடத்தைப் பார்த்தார். கிணற்றடியில் நின்று பெருமூச்சு விட்டார்.

“எப்பம்மா முடியும்?” என்று கேட்டார் பூவராகவன். குரல் மெலிந்திருந்தது.

“அறிக்கை எழுதணுங்கய்யா. ஈரம் காயறத பாக்கணும்.”

அவர் கடைக்குக் கிளம்பிப் போனதும், அவர் மனைவி பட்டம்மாள் காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டியே?”

“சொல்லுங்கம்மா.”

“அந்த மாடி ரூமுக்குள்ள போனா மனுஷன் பேப்பரோட பாதிப் பொழுதும் அங்கதான். கீழ ஒருத்தி அல்லாடறது தெரியவே தெரியாது. இப்ப போறப்ப ஒரு தடவ, வர்றப்ப ஒரு தடவ சமையக்கட்டத் தாண்டியாவணும். நேத்து தேங்கா துருவிக் குடுத்துட்டுப் போனாரு.” காபியை நகர்த்தி வைத்தார். “கொஞ்சம் நிதானமாவே எழுதேன்மா.”

தையல்நாயகி காபியை ஆற்றிக் குடித்தார். இன்னொரு மழைக்காலத்தையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல முடியும் என்று துணைக்குழு அன்றே தீர்மானித்தது.