ஜோடி இல்லாதவள்

சேந்தமங்கலம் பக்கத்துச் சின்னாயிக்குக் குழந்தை இல்லை. எட்டு வருஷம் பார்த்துவிட்டுக் கணவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான். சின்னாயியைப் போ என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அவள் சோறாக்கப் போனபோது அடுப்பில் புதியவளின் பானை இருந்தது.

அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி வாசலிலேயே நின்று பேசினாள்.

"எங்களுக்கே இங்க கம்பங்கூழுக்கு வழியில்லீங்க. ஒங்கண்ணனக் கேக்காதீங்க, அவரு இல்லைன்னு சொல்லமாட்டாம முழிப்பாரு."

அண்ணன் உள்ளேதான் இருந்தான். அவன் வெளியே வரவில்லை.

அது மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். அங்கே போனால் வேலை கிடைக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. சின்னாயி நடந்தே போய்ச் சேர்ந்தாள். கல் உடைக்கும் குழியில் மேஸ்திரி, அவள் தனியாள் என்று தெரிந்ததும் முடியாதென்று தலையை ஆட்டிவிட்டார். ஆண் உடைக்க வேண்டும், பெண் சுமக்க வேண்டும். ஜோடியாக வந்தால்தான் வேலை.

குழிக்கு வெளியே குப்பாயி என்றொருத்தி உட்கார்ந்திருந்தாள். பாறைக்கு வெடி வைத்தபோது புருஷன் செத்துப்போனதால் அவளுக்கும் வேலை போயிருந்தது. சின்னாயி அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். பிறகு அவளைக் கையைப் பிடித்து எழுப்பி மேஸ்திரியிடம் கூட்டிப்போனாள்.

"ஏனுங்க, நாங்க ரெண்டு பேரும் ஜோடியாச் சேந்தா ஆகாதுங்களா?"

"சம்மட்டி யாரு புடிக்கிறது?"

"நானுங்க. ஒரு நாளு பாருங்க. ஆகலீன்னா போயிர்றோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை, கூலி மட்டும் பெண்ணாள் கூலிதான் என்றார். சின்னாயி ஒப்புக்கொண்டாள். முதல் வாரம் உள்ளங்கைத் தோல் உரிந்து, சோற்றை உருட்டி வாயில் வைக்கக்கூட முடியவில்லை. குப்பாயிதான் ஊட்டிவிட்டாள். ஒரு ஓலைக் குடிசையில் இருவரும் சேர்ந்து இருந்தார்கள். சின்னாயி சிரித்துப் பேசியது அந்தக் குடிசையில்தான்.

இரண்டாவது மழைக்காலத்தில் குப்பாயிக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. போர்த்துவதற்கு இருந்ததெல்லாம் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை.

"நாஞ் செத்தா ஒன்ன வேலைக்குச் சேக்கமாட்டாங்க புள்ள," என்றாள் குப்பாயி. "யாரையாச்சும் இப்பவே பாத்து வெச்சுக்க."

"பேசாம படு."

குப்பாயி பிழைக்கவில்லை. அவள் சொன்னபடியே மேஸ்திரியும் சின்னாயியை நிறுத்திவிட்டார். வேறு ஜோடி தேட அவளுக்கு மனம் வரவில்லை.

சம்மட்டி பிடிக்கத் தெரிந்திருந்ததால் நாமக்கல் ரோட்டில் ஜல்லி உடைக்கப் போனாள். குவியலுக்குக் கூலி, அங்கே ஜோடி கேட்கவில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்து பத்து வருஷத்துக்கு மேல் உடைத்தாள். யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் கல்சில்லு தெறித்து வலது கண் போயிற்று. இடது கண்ணிலும் மங்கல் விழுந்தது. அடி கல்லில் விழாமல் விரலில் விழத் தொடங்கியது.

"இனி நீ வராத ஆத்தா," என்றார் ரோட்டுக் காண்ட்ராக்டர் செங்கோட்டையன். "கையையும் ஒடச்சுக்கிட்டயின்னா எனக்குப் பாவம்."

சின்னாயி சம்மட்டியைக் கீழே வைத்தாள். வெயில் ஏறியதும், உடைப்பவர்களின் குடத்தை எடுத்துக்கொண்டு, ரோட்டோரத்தைக் காலால் தடவித் தடவிக் கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். வழியிலேயே பாதி சிந்தியிருந்தது. மீதியை எல்லோரும் குடித்தார்கள்.

"நாளைக்கும் கொண்டாரட்டுங்களா?" என்று கேட்டாள்.

மறுநாள் செங்கோட்டையன் வருவதற்கு முன்பே குடம் நிறைந்திருந்தது.