போட்டோவில் விழுந்த நிழல்

இன்று காலை தாம்பரத்தில் ரயில் ஏறியதும் ஜன்னலோர சீட் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் தனுஷ்கோடி போட்டோக்களை ஃபோனில் சரிசெய்ய ஆரம்பித்தேன்.

நானும் மகளும் மணலில் நிற்கிறோம். சாயங்கால வெயில். எங்கள் காலடி வரை நீளமாக ஒரு நிழல் விழுந்து படத்தையே கெடுத்திருந்தது. விரலால் தேய்த்தால் அழிந்துவிடும். தேய்த்தேன்.

பக்கத்தில் ஹவுஸ்கீப்பிங் யூனிஃபார்மில் இருந்த அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா அழிக்கிற?"

"நிழல்க்கா. வீட்டுக்காரர்தான் போட்டோ எடுத்தாரு. அவரோடது விழுந்துடுச்சு."

"அவரு போட்டோவ காட்டு, பாப்போம்."

படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். நான், மகள், நானும் மகளும், மகள் சாப்பிட்ட வறுத்த மீன். பல்லாவரம் தாண்டியும் தள்ளிக்கொண்டே இருந்தேன். மூன்று நாள் ஊர் சுற்றியிருக்கிறோம், அந்த மனுஷன் ஒரு படத்தில்கூட இல்லை.

அக்கா என்னைக் குத்திக்காட்டவில்லை. "அப்போ இது ஒண்ணுலதான் அவரு கீறாரு" என்றார், அவ்வளவுதான்.

அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் தொப்பி, தூக்கிய இரண்டு முழங்கைகள், தோளில் தொங்கும் என் ஹேண்ட்பேக், எல்லாம் அந்த நிழலில் இருக்கிறது. அப்படியே இங்கே ஃபேஸ்புக்கில் போட்டேன். பார்த்திருப்பீர்கள்.

பரங்கிமலை வருவதற்குள் அவருடைய கமெண்ட் வந்துவிட்டது.

"சூப்பர். கீழ ஏதோ நிழல் விழுந்திருக்கு பாரு, எடிட் பண்ணிடு."

இதற்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்ததில் கிண்டியில் இறங்க மறந்துவிட்டேன். நீங்களாவது அவருக்கு ஏதாவது சொல்லுங்கள்.